முதல் கட்டம்

தக்கலையில் கூட்டம்.
அறுபது பள்ளிக்கு அறுபது படிவம்,
ஐந்தாண்டுத் தொழில்நுட்பத் தேவை.
மின்விசிறி சுற்றுகிறது,
காற்று வேறு துறையிலிருந்து வரவேண்டும் போல.

முதல் கட்டம் கேட்கிறது:
ஐந்து ஆண்டு கழித்து
உங்கள் பள்ளியில் எத்தனை பிள்ளைகள்?

ஆனியில் நூற்றுத் தொண்ணூற்று மூன்று.
ரப்பர் இலை உதிரும் மாசியில் நூற்று அறுபது சொச்சம்.
மரம் துளிர்த்து, பால்வெட்டு தொடங்கி,
ஜார்க்கண்டிலிருந்து ரயில் வந்து நின்றால்
இருநூற்றுப் பதினொன்று.
எதை எழுத?

"கூடுதலா உள்ளத எழுதுங்க டீச்சரே,
எப்பிடியும் வெட்டுவாவ"
என்கிறார் அருமனை ஜெறால்டு சார்.
வெட்டு எங்களுக்குப் புதிதில்லை.
அளவாக வெட்டினால் பால்,
ஆழமாக வெட்டினால் மரம் பட்டுப்போகும்.

அலுவலர் திரையைக் காட்டுகிறார்.
ஒரு நீலக்கோடு இடமிருந்து வலமாக ஏறுகிறது.
வளர்கிறோம் என்கிறார். உண்மைதான்.
வளர்ந்த விதம் எனக்குத் தெரியும்.
குலசேகரத்து ஆங்கிலப் பள்ளி பஸ் கட்டணத்தை ஏற்றியது.
நாலுவழிச் சாலைக்கு வந்தவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள்.
ஒருவர் தன் மூன்று பிள்ளைகளையும்
ஒரே பைக்கில் கொண்டுவந்து இறக்கி,
பெயர் கேட்பதற்குள் வேலைக்குப் போய்விட்டார்.
மூத்தவன்தான் மற்ற இருவருக்கும் பிறந்த தேதி சொன்னான்,
உத்தேசமாக.

கணினிகள்: பதினான்கு.
இயங்குபவை: ஒன்பது.
காரணம், ஒரு சொல்லில்: இடி.

ஒரு சொல் போதாமல் பின்பக்கத்துக்குப் போனேன்.

ஐப்பசியில் பொன்மனையில்
மூன்று மணிக்குக் கிழக்கே மலை கறுக்கும்.
கடைசி பெல்லுக்கு முன்னால் மின்னல் வரும்.
எர்த் கம்பி மண்ணுக்குள் இறங்கியிருக்கிறதா,
பூச்சுக்குப் பின்னால் வளைந்து நின்றுவிட்டதா
என்று ஒப்பந்தக்காரருக்கு மட்டும் தெரியும்.
அவர் இப்போது மஸ்கட்டில்.

அதனால் எங்களுக்கு ஒரு ஏற்பாடு உண்டு.
ஏழாம் வகுப்பு மைனோ ஹெம்ப்ரம்,
ஜன்னல் பக்கம், இரண்டாவது பெஞ்சு.
எங்கள் காதுக்கு எட்டாத உறுமல் அவளுக்குக் கேட்கும்.
எழுந்து நிற்பாள்.
"டீச்சரே, வருது."
நான் பாடத்தைப் பாதியில் விட்டு
ஒன்பது பிளக்கையும் பிடுங்குவேன்.
ஒருமுறை நம்பவில்லை.
அன்று பத்து, ஒன்பதானது.

சாதனங்கள் என்ற பத்தியில் அவளை எழுத முடியாது.
பராமரிப்பு என்ற பத்தியிலும் முடியாது,
அதில் இருப்பது ரூபாய் மட்டும்.
மாசியில் அவள் போவாள்.
இரண்டு முறை போய் இரண்டு முறை வந்தாள்,
தமிழை எங்கும் சிந்தாமல்.
மூன்றாம் முறை வருவது
ரப்பர் கிலோ என்ன விலை என்பதைப் பொறுத்தது.

ஸ்மார்ட் போர்டு: இரண்டு
என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அடிக்கவில்லை.
அதன் கீழே பேனாவால் சேர்த்தேன்:
செம்புத் தகடு, ஒன்று.
கரி. உப்பு.
குழி, எட்டடி.

அலுவலர் படித்துவிட்டுச் சிரித்தார், நல்ல மனிதர்தான்.
"டீச்சர், இது தொழில்நுட்பத் திட்டம்.
குழி கட்டடப் பிரிவு."
கட்டடப் பிரிவு நாகர்கோவிலில்,
செவ்வாய்க்கிழமைகளில்.
இன்று புதன்.

வேர்க்கிளம்பி தாண்டும்போது
பஸ் கண்ணாடியில் முதல் துளிகள் சரிந்தன.
மணி மூன்று பத்து.
பள்ளிக்கு அடித்தேன், எடுக்கவில்லை.
மறுபடி அடித்தேன்.
திருவட்டாறு நிறுத்தத்தில் குறுஞ்செய்தி,
கணக்கு ஷீபா அனுப்பியது:
எல்லாம் பிடுங்கியாச்சு. அவ சொன்னா.

வெளியே
எனக்கு இன்னும் எதுவும் கேட்கவில்லை.

படிவத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.
முதல் கட்டத்தில் இருநூற்று நாற்பது.
நீல மை, விதிப்படி.
பையில் இருக்கும் நகலில் மட்டும்
அந்த இடம்
பென்சிலால்.